குறுக்குவழி துரைராசு ஏரியைச் சுற்றிய கதை

உலகத்தில் வழி கேட்பவர்கள் ஒரு பக்கம், வழி சொல்பவர்கள் ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில், யாரும் கேட்காமலே வழி சொல்லி, சொன்னதோடு விடாமல் அந்த வழியில் நம்மையும் இழுத்துக்கொண்டு போகிற ஓர் இனம் இருக்கிறது. 'வழி தெரிந்தவர்' என்று பேர். உங்கள் தெருவிலேயே ஒருத்தர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? சரி, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்.

அடையாளம் கண்டுபிடிக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். பஸ்ஸில் நீங்கள் கண்டக்டரிடம் "பாபநாசம் ஒண்ணு" என்று வாயைத் திறந்தால், பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு உங்கள் தோளைத் தட்டும். "பாபநாசத்துக்கு இதுல ஏன் ஏறுனீங்க?" முகவாய்க்கட்டையாலேயே நாலு திசையும் காட்டுவார். எவ்வளவு தூரம் என்றால் கூப்பிடு தூரம் என்பார். யார் கூப்பிட்டு யார் காதில் விழ வேண்டும் என்று மட்டும் சொல்ல மாட்டார். போன வழி முட்டுச்சந்தில் போய் முட்டிக்கொண்டால், "முன்ன இங்க வழி இருந்துச்சு, அடைச்சுப்புட்டானுங்க" என்று சந்தைத் திட்டுவாரே தவிர, 'வழி தெரியல' என்ற சொல் அவர் வாயில் வராது. பாடையில் வைத்துத் தூக்கிப் போகும்போதுகூட எழுந்து உட்கார்ந்து, "இப்படித் திரும்புனா சுடுகாடு கிட்ட" என்று சொல்லிவிட்டுத்தான் மறுபடி படுப்பார்.

ஒரத்தநாட்டுப் பக்கத்துத் துரைராசு இந்த இனத்தில் முதல் தரம். "கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்" என்பது அவர் வாய்ப்பாடு. கண்ணைக் கட்டாமல் விட்டால்தான் சிக்கல் என்பது அவர் பெண்டாட்டி அம்சத்துக்கு மட்டும் தெரிந்த விஷயம். அம்சத்தின் அண்ணன் நல்லக்கண்ணு தன் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தபோது, மாப்பிள்ளை வீட்டு வண்டிகளுக்கு வழிகாட்டி அழைத்து வருகிறேன் என்று போனவர் துரைராசுதான். குறுக்கே அழைத்து வந்தார். வண்டிகள் ஒரு வாய்க்காலில் இறங்கி, ஒரு கரும்புக் கொல்லையைச் சுற்றி, வேறு யார் வீட்டுக் கல்யாணப் பந்தலிலோ போய் நின்று, கடைசியில் சீர்த்தட்டு உள்ளே நுழைந்தபோது சரியான எமகண்டம். அன்றைக்கு வாயை மூடிய நல்லக்கண்ணு மூன்று வருஷமாய் மைத்துனரிடம் பேசவில்லை. தங்கச்சி வீட்டு வாசப்படியும் மிதிக்கவில்லை.

நாலாம் வருஷப் பங்குனியில்தான், நடையாய் நடந்து, அண்ணி செவ்வந்தியை உள்ளே பிடித்து, அம்சம் அண்ணனை வழிக்குக் கொண்டுவந்தாள். இரண்டு குடும்பமும் பிள்ளைகுட்டிகளோடு நெடுவாய் ஏரிக்குப் போய், கரையைச் சுற்றி நடந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடுகிற கலிங்கு பக்கத்து மருதமரத்தடியில் புளிச்சோறு தின்றுவிட்டு வருவது. அம்சத்தின் பெரியவன் பள்ளிக்கூடத்தோடு கொடைக்கானல் போனபோது ஏரியைச் சுற்றி ஜனங்கள் சும்மா நடந்ததைப் பார்த்து வந்து சொன்னானாம். "கொடைக்கானல் ஏரி என்ன பெரிய ஏரி? நம்ம நெடுவாய்க்குள்ள அந்த மாதிரி பத்து ஏரி போட்டு மூடலாம்" என்றார் துரைராசு. அம்சம் அப்போதே அவரை மடக்கினாள்.

"ஏங்க, கரைமேலயே போவோம். கரையை விட்டு இறங்க மாட்டேன்னு பிள்ளை தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"ஏரிக்கரையில வழி தப்ப நான் என்ன ஆடா?"

ஆடு தப்பாது. அதுதான் அவள் பயம். இன்றைக்கு ஒரு நாள் சண்டை இல்லாமல் கழிந்தால் அண்ணன் வீடு மறுபடி தனக்கு உண்டு; குறுக்கே போனால் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் கொடியும் கூட்டமுமாய், எந்த நிலம் யாருக்கு என்று இழுபறி நடந்த காலம் அது. அந்தக் காலத்தில் தஞ்சைச் சீமையில் ஒருத்தன் கையில் மண்வெட்டியோ தலையில் கூடையோ இல்லாமல் வரப்பில் நடந்தால் இரண்டே அர்த்தம். மாடு தொலைந்திருக்கும், இல்லை, நிலத்தை அளக்க வந்திருப்பான். காற்று வாங்க நடப்பது என்று ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

பாதி தூரம் நன்றாகத்தான் போனார்கள். ஒரு பக்கம் வற்றிக்கொண்டிருக்கும் ஏரி, ஒரு பக்கம் அறுத்துக் கிடக்கும் வயல், நடுவில் மாட்டுவண்டி போகிற அகலத்துக்குக் கரை. பிள்ளைகள் கொக்கு எண்ணினார்கள். நல்லக்கண்ணு "காத்து நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டார். அம்சத்துக்கு அந்தக் காற்றே தனியாக இனித்தது. அதற்குள் கடைக்குட்டி கேட்டது, எல்லாப் பிள்ளையும் கேட்கிற கேள்வியை:

"அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

துரைராசு நின்றார். அம்சத்துக்கு அந்த நிற்பு தெரியும். குடையை மடக்கினார். ஏரிப் பக்கம் நீட்டினார்.

"கரையில சுத்துனா நேரமாவும். தண்ணி வத்திக் கிடக்கு பாரு, உள்வாயில இறங்கிக் குறுக்கே போனா கலிங்கு கூப்பிடு தூரம்."

"ஏங்க..."

"கண்ணைக் கட்டி விடு, போறேன்."

இறங்கிவிட்டார். பிள்ளைகள் கும்மாளமாய்ப் பின்னால் இறங்கின. பெரியவர்கள் என்ன செய்வது? கொஞ்ச தூரத்தில் கோரை ஆளுயரம் வளர்ந்து மறைத்தது, கீழே சேறு. பிள்ளைகள் தவறிவிடாமல் இருக்க, மருதமரத்தில் ஊஞ்சல் கட்டக் கொண்டுவந்த கயிற்றைத் துரைராசு பிரித்து நீட்டி, ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். முன்னால் குடையை நீட்டிக்கொண்டு அவர். நடுவில் கயிறு விறைப்பாக. கடைசியில் தோளில் துணிப்பையும் கையில் குச்சியுமாய் நல்லக்கண்ணு. அந்தக் கோலத்தில் கோரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தால், எதிரே பச்சைப் பசேல் என்று வெள்ளரிக்கொடி.

தண்ணீர் வற்றிய ஏரி நிலத்தில் ஏழை ஜனங்கள் கொத்திப் போட்ட கொல்லை. பட்டா கிடையாது. அடுத்த மழைவரைக்கும் அதுதான் அவர்கள் சோறு.

"யாருய்யா அது? கயித்தைக் கீழ போடு!"

களைக்கொத்தோடு ஒரு பெண்பிள்ளை நின்றாள். பொன்னுத்தாய் என்று பின்னால் தெரிந்தது. அவள் குரலுக்குப் பத்துப் பதினைந்து பேர் கொடிகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"எந்த ஆபீசுலேருந்து வர்றீங்க?"

எந்த ஆபீஸும் இல்லை என்று ஒருத்தர் பட்டென்று சொல்ல வேண்டியதுதானே? ஆனால் தன்னை அதிகாரி என்று நினைத்துவிட்டார்களே என்பதில் துரைராசுவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. தொண்டையைச் செருமினார்.

"நாங்க... ஏரியைச் சும்மா சுத்திப் பாத்துட்டு வர்றோம்."

"சும்மாவா? இந்த வெயில்ல சும்மா யாராச்சும் நடப்பாங்களா? போன வருஷமும் ஒருத்தரு சும்மா பாக்க வந்தேன்னாரு. மறுநாளே நெலத்துல எல்லைக்கு முளைக்குச்சி அடிச்சுட்டாங்க."

"பொம்பளை பிள்ளைங்களைக் கூட்டியாந்தா அளக்க விட்டுருவோம்னு நெனைப்பு" என்றார் பின்னால் நின்ற கிழவர் ஒருவர். "விவரமாத்தான் வந்திருக்கானுவ."

செவ்வந்தி, "ஐயோ, புளிச்சோறு திங்க வந்தோம்மா" என்று பையைத் திறந்து காட்டினாள்.

"அளக்குறவங்களுக்குப் பசிக்காதா?" என்றாள் பொன்னுத்தாய்.

வளையம் நெருங்கியது. கடைக்குட்டி அழ ஆரம்பித்தது. நல்லக்கண்ணு முன்னால் வந்து மைத்துனர் காதுக்கருகில் பல்லைக் கடித்தார்.

"மாப்ள, வழி தெரியாம வந்துட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லிடு. விட்ருவாங்க."

"தெரியாமலா? எனக்கா? கலிங்கு தோ அங்கதான..."

"சொல்லுய்யா!"

அம்சம் புருஷன் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. துரைராசு வெள்ளரிக்கொடியைப் பார்த்தார், களைக்கொத்தைப் பார்த்தார், அழுகிற பிள்ளையைப் பார்த்தார், மூன்று வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகத்தோடு நிற்கிற மைத்துனரைப் பார்த்தார். வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. பல் பிடுங்குகிறவனிடம் உட்கார்ந்த மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டார்.

"எனக்கு... வழி தெரியல."

முதலில் சிரித்தது நல்லக்கண்ணு. சாதாரணச் சிரிப்பா? மூன்று வருஷம் அடக்கி வைத்த சிரிப்பு, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அம்மா, இவரா அளக்க வந்தவரு? என் மக நிச்சயதார்த்தத்துக்கு வண்டி கூட்டியாறேன்னு போயி, அடுத்தவன் பந்தல்ல எறக்கி வச்ச மனுஷம்மா இவரு! இவரு அளந்தா உங்க கொல்லை உங்களுக்கு ரெட்டிப்பாத்தான் ஆவும்!"

அளக்க வருகிறவன் இப்படிச் சிரிக்க மாட்டான் என்று பொன்னுத்தாய்க்குத் தோன்றியிருக்க வேண்டும். களைக்கொத்து கீழே இறங்கியது. கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஞ்சு வெள்ளரி பறித்துக் கொடுத்தாள். கலிங்குக்கு எப்படிப் போவது என்று அம்சம் கேட்டாள்.

"தோ, இந்தக் கோரையைத் தாண்டுனா கூப்பிடு தூரம்" என்று முகவாயைக் காட்டினாள் பொன்னுத்தாய்.

அம்சம் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கரையில் ஏறினாள்.

மருதமரத்தடியில் சோறு ஆறிப் போயிருந்தது. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. ஊஞ்சலில் நல்லக்கண்ணுவே ஒரு தரம் ஆடினார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் துரைராசு மெல்லச் செருமினார்.

"வழி தெரியலன்னு சொன்னாத்தான் அவங்க விடுவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அம்சம் சட்டென்று அண்ணனைப் பார்த்தாள். நல்லக்கண்ணு கோபப்படவில்லை. மைத்துனர் தொடையில் தட்டினார்.

"விடு மாப்ள. அடுத்த மாசம் மேட்டூர் அணைக்கே போவோம், எல்லாரும். நீ பேசாம வா. அதுக்கு எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும்."

அண்ணன் வீடு கிடைத்துவிட்டது. என்ன, இப்போது வழி தெரிந்தவர்கள் இரண்டு பேர். அம்சம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

கதை முடிந்தது. ஒன்று கவனித்தீர்களா? நெடுவாய் ஏரி எங்கே இருக்கிறது, எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. ஆனாலும், 'அந்த ஏரிதானே, தெரியுமே, மதகுப் பக்கமாய் இறங்கியிருந்தால் பாதி நேரம்கூட ஆகியிருக்காதே' என்று உங்கள் விரல் தானாக நீள்கிறதல்லவா?

அதைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளைகுட்டிகள் வருகின்றன.