ஒரே சாணம், இரண்டு கொள்கை

தன் வீட்டுக்குள் கேஸ் சிலிண்டர் நுழையக் கூடாது என்பது ஜீவானந்தத்தின் கொள்கை முடிவு. சட்டசபையாக இருந்தால் எதிர்க்கட்சி வெளிநடப்பாவது செய்திருக்கும். அவர் மனைவி கலைமணி இருமிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, விறகடுப்பு ஊதி ஊதிக் கண்ணு போகுதுங்க. ஒரு சிலிண்டருக்கு எழுதிப் போடுங்க."

"கொல்லையில சாண கேஸ் குழி இருக்குதில்ல?"

"குழி இருக்குதுங்க. கேஸ் இல்லீங்க."

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டுக் கொல்லிமலையில் தன் ஊரான பைல் நாட்டுக்குத் திரும்பியவர் ஜீவானந்தம். எரிசக்தி பற்றிப் படித்த வருஷம் கொல்லையில் குழி வெட்டினார். இயற்கை உரம் பற்றிப் படித்த வருஷம், மாடுகளை இனி சாமைக் காட்டிலேயே பட்டி போட வேண்டும், சாணம் நேராக மண்ணில் விழ வேண்டும் என்றார். இரண்டும் நல்ல திட்டங்கள். இரண்டுக்கும் ஒரே சாணம்தான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றியது, பழைய மாணவர் சங்கத்துக்கு அழைப்பிதழ் அனுப்பிய மறுநாள். 'எரிசக்திக் கொள்கையும் சுற்றுச்சூழலும்: கலந்துரையாடல். இடம்: ஜீவானந்தம் இல்லம், கொல்லிமலை. சாண எரிவாயுவில் சமைத்த விருந்து உண்டு.' சங்கத்துக்குத் தலைவர் தேர்தலும் அன்றைக்கே.

"கலைமணி, அன்னைக்கு ஒரு நாளாவது அந்த அடுப்பு எரியணும். இல்லைன்னா என் மானம் மலையிலிருந்து உருண்டு காளப்பநாயக்கன்பட்டியில போய்த்தான் நிக்கும்."

"எரிஞ்சாப் போதுங்களா?"

"போதும்."

"எப்படின்னு கேக்க மாட்டீங்களே?"

"கேக்க மாட்டேன்."

அன்றைக்கு அடுப்பு எரிந்தது. நீலமாக, சீராக எரிந்தது. நண்பர்கள் சமையலறை வாசலில் கூடி நின்று பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக வியந்தவர் ஜீவானந்தம்தான். அதை வெளியில் காட்ட முடியவில்லை.

சேலத்திலிருந்து வந்திருந்த அர்த்தனாரி எப்போதும் கேள்வி கேட்கிறவர்.

"எத்தனை மாடுடா?"

"மூணு."

"கட்டுத்தறி காலியா இருக்குது?"

"காட்டுல பட்டி போட்டிருக்குது. எரு நேரா மண்ணுக்கே போயிருது."

"அப்போ குழிக்குச் சாணம்?"

ஜீவானந்தம் கலைமணியைப் பார்த்தார். கலைமணி குழம்பைப் பார்த்தாள்.

"அந்த விவரமெல்லாம் அவருக்குத்தானுங்க தெரியும்," என்றாள்.

"அது வந்து... மலைக் குளிர்ச்சி," என்று தொடங்கினார் ஜீவானந்தம். நுண்ணுயிர் என்றார். காற்றழுத்தம் என்றார். தான் என்ன சொல்கிறோம் என்பது அவருக்கே விளங்கவில்லை. விளங்காததை எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஏகமனதாகத் தலைவராக்கினார்கள். 'கொல்லிமலை முறை'யை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மாதாமாதம் ஆட்களைக் கூட்டி வந்து காட்டும் பொறுப்பை அர்த்தனாரி ஏற்றுக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும் ஜீவானந்தம் சமையலறைக்குள் போனார். அடுப்பே புதிது. அதன் குழாயைப் பிடித்துக்கொண்டே போனார். அது குழிப் பக்கம் போகவில்லை. மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் போனது. அங்கே கூடைக்கு அடியில் சிவப்பாக ஒரு சிலிண்டர்.

"இது எப்போ வந்துச்சு?"

"பொங்கலுக்கு முன்னாடிங்க. எங்க அண்ணன் செல்வம் கீழ சேந்தமங்கலத்துல எம்பேர்ல எழுதி வாங்கிக் குடுத்தான்."

"அப்போ இத்தனை நாளா இருமினது?"

"நிறுத்தினா உங்களுக்குச் சந்தேகம் வந்துருமில்லீங்க."

ஜீவானந்தம் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"வேண்டாம்னா சொல்லுங்க, திருப்பி அனுப்பிரலாம்," என்றாள் கலைமணி.

அர்த்தனாரி கூட்டி வரப்போகும் ஆட்கள் வரிசையாக அவர் கண்முன் வந்தார்கள்.

"இருக்கட்டும். எப்போ தீரும்?"

"இன்னைக்கு விருந்து வெச்சதுல தீர்ந்துபோச்சுங்க. அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு, இனிமேத் தூக்க மாட்டான். நீங்கதான் கொண்டாரணும். சாக்கு எடுத்து வெச்சிருக்கறேன், சுத்திக்கங்க. யாராச்சும் கேட்டா பலாப்பழம்னு சொல்லிருங்க."

"ஊருக்கெல்லாம் பலாப்பழம் போறதே இங்கிருந்துதான். கீழயிருந்து கொல்லிமலைக்கு எவன்டி பலாப்பழம் கொண்டாருவான்?"

"சங்கத் தலைவரு சொன்னா நம்புவாங்கங்க."