இலிஷ் மீன் குழம்பில் தேறிய விமர்சகர்

ஷியாம்பஜார், கொல்கத்தா.

சௌபாக்கியவதி துர்பாவுக்கு, ஹராதன் சித்தப்பா அனேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நானும் உன் சித்தியும் சௌக்கியம். சிலிகுரிக் குளிரில் உன்னை மா காளி காக்கட்டும்.

உன் முதல் நாவல் அச்சேறும் முன் நம்பகமான ஒருவரைப் படிக்க வைத்து, அவர் கருத்தைப் பதிப்பாளரிடம் சேர்க்கச் சொல்லிக் கைப்பிரதியை அனுப்பியிருந்தாய். சரியான ஆளிடம்தான் அனுப்பினாய். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் பாதிப் புத்தகக் கடைகள் என்னைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கின்றன. நம் ஊரில் விமர்சகருக்கா பஞ்சம்? டீக்கடை பெஞ்சில் படிக்காத புத்தகத்துக்கே சட்டையைப் பிடிக்கிறார்கள். அதில் உண்மை பேசுகிறவன் எவன்? அதற்கு ஒரு பரீட்சை வைத்தேன். மூன்று பேரை இலிஷ் விருந்துக்குக் கூப்பிட்டு, கடுகுக் குழம்பில் உப்பை இரண்டு பங்காகப் போடும்படி சித்தியிடம் சொன்னேன். சமைத்தவள் எதிரில் நிற்கும்போது இலிஷைக் குறை சொல்ல எந்த வங்காளிக்கு நாக்கு எழும்? எழுந்தால், அவன்தான் நம் ஆள்.

தெரிந்தே உப்பைத் தின்ன நான் முட்டாளா? பருப்போடு நிறுத்திக்கொண்டேன். பல் டாக்டர் பிமலேந்து, "அண்ணி, இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்!" என்றார். வாத்தியார் நிகுஞ்ஜ தலையைத் தூக்காமலே, "இன்னொரு துண்டு போடுங்க" என்றார். இருவரும் புளுகர்கள், தள்ளிவிட்டேன். டிராம் கம்பெனியில் ரிட்டையரான பதிதபாவன் ஒரு வாய் வைத்ததும், "என்ன அண்ணி, கடலையே கொட்டிட்டீங்களா? ஒரே உப்பு!" என்றார். நான் பாய்ந்து கட்டிக்கொண்டேன்.

"இந்த நாக்கைத்தான்யா தேடிட்டிருந்தேன்!"

"விடுய்யா, தொண்டையில முள்ளு!"

கைப்பிரதியைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "கதை சரி. கடைசி அத்தியாயம் வேண்டாம். வீட்டை விட்டு வந்த அந்தக் கதாநாயகிப் பொண்ணு பேசாம புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போகட்டும்."

அந்த அத்தியாயத்துக்காகத்தான் நாவலையே எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சித்தி எதிரிலேயே உண்மை பேசிய வாய் அது! நேரே பதிப்பாளரிடம் போய் அதை வெட்டச் சொன்னேன். "எழுத்தாளர் சம்மதிச்சாங்களா?" என்றார். "சித்தப்பனே சம்மதிச்சாச்சு, வேலையைப் பாருங்க" என்றேன். நாளை அச்சு.

பேரும் புகழும் பெற்று வாழ்வாயாக.

இப்படிக்கு,
உன் ஹராதன் சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் சித்திக்கு இதைப் படித்துக் காட்டினேன். "நீங்க சொன்னா அவ்வளவு நல்ல மீனைக் கெடுத்துடுவேனா? உப்பு அளவாத்தான் போட்டேன். அந்தப் பதிதபாவன் யார் வீட்டுக்குப் போனாலும் ஏதாவது நொட்டை சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பார்" என்கிறாள். நீ பதறாதே. அச்சை நிறுத்தச் சொல்லிச் சித்தியே இப்போது போனில் பதிப்பாளரைப் பிடித்துக் கத்திக்கொண்டிருக்கிறாள். நான் கைப்பிரதியோடு பல் டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.