பயத்தங்காய்க்கு மாப்பிள்ளை

அன்புள்ள மருமகள் தனேஸ்வரிக்கு,

ஜெராமிலிருந்து மாமா திருச்செல்வம் எழுதுவது. நானும் உன் அத்தை புஷ்பாவும் நலம். நீ எங்களை நம்பி விட்டுப்போன தொட்டிச் செடிகளின் நலம் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் சொன்னால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு உன் பினாங்குப் பயிற்சிக்குத் திரும்பிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

போன வருஷம் கடல்தண்ணீர் ஏறி நம் பயத்தங்காய்க் கொடியெல்லாம் கருகியபோது, கடலோரத்தில் பச்சைப்பசேலென்று படர்ந்துகிடந்த காட்டுப் பயற்றை நீ கொண்டுவந்தாய். இரண்டையும் கலந்தால் உப்பு மண்ணிலும் காய்க்கும் கொடி கிடைக்கலாம் என்றாய். நானும் தலையாட்டினேன். அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். சாயங்காலம் பயத்தங்காயின் விரியாத மொட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களைப் பிடுங்கி, விடிந்ததும் காட்டுப் பயற்றின் மகரந்தத்தைத் தடவி, வேறு மகரந்தம் படாதபடி பூவுக்குப் பையைக் கட்டிவிட்டு எழுந்தால் இடுப்பு நிமிர மறுக்கிறது. சமையற்கட்டு ஜன்னலிலிருந்து அத்தை, "சின்னவனுக்கு ஒரு பொண்ணு பாருங்கன்னா முடியல, பயத்தங்காய்க்கு மட்டும் மாப்பிள்ள தேடுறீங்களா?" என்கிறாள். தேடியும் என்ன, பூவெல்லாம் கொட்டிவிட்டது, ஒன்றே ஒன்று பிஞ்சு பிடித்தது, சந்தோஷத்தில் தெருவில் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன், செய்தி எட்டியதோ என்னவோ நேற்று ஒரு குரங்கும் வந்து பார்த்தது. பார்த்ததோடு போயிருக்கலாம். பையைக் கிழித்து, பிஞ்சைப் பிய்த்து, ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து, என் கண்ணெதிரிலேயே வாய்க்காலில் துப்பிவிட்டுப் போனது. நானும் இறங்கித் துழாவினேன். முழங்கால்வரை சேறுதான் கிடைத்தது. உன்னிடம் எப்படிச் சொல்வது என்று சோறு இறங்கவில்லையம்மா.

பக்கத்து நிலத்து இனாயத்துல்லா தேறுதல் சொல்ல வந்தார். "விடுங்கண்ணே, எங்கிட்ட வல போட்ட பந்தல் இருக்கு. செடிய நான் கொண்டுபோயி பாத்துக்கிறேன் லா" என்றார். சரி என்றுவிட்டேன். இந்த வேலைக்கு என் கண்ணும் காணாது, பொறுமையும் காணாது. இதையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. படிப்பு நல்லபடியாக முடிந்து நீ சுகமாக வந்துசேர முருகன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா திருச்செல்வம்

பி.கு.: நேற்று எழுதிய கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை. இன்று காலை இனாயத்துல்லா லோரியோடு வந்தார். முதல் தொட்டியைத் தூக்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை. "வச்சிருங்க தம்பி" என்றேன். "நேத்து சரின்னீங்களே அண்ணே?" என்று சிரித்தார். செடிக்குப் பதிலாக அவரிடமிருந்த மிச்ச வலையை வாங்கி நானே பந்தல் கட்டிவிட்டேன். புதிதாக நாலு மொட்டு வந்திருக்கிறது. இந்த முறை பிரிக்கப்போவது உன் அத்தை. "ஒங்க கை நடுங்குது, தள்ளுங்க" என்கிறாள்.