சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் எங்கே போகிறது?

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதைத் தனிக் கடிதமாக எழுது, இந்த விஷயத்தோடு கலக்காதே.

முதலில் ஒரு திருத்தம். இந்த வயதில் நான் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன் என்று உன் அக்கா எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லி வருகிறாள். நான் படுக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து குனிந்தேன். தரையில் விரித்திருந்த போர்வை மெக்கானிக்குக்காக. உன் அப்பா போன பிறகு அவர் காரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றும் சொல்கிறாளாம். அதுவும் தவறு. அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு விற்க நான்தான் சம்மதம் சொன்னேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகிறார். ஆனால் 'டொக்' என்று சத்தம் போடுகிற பொருளை, ஏன் போடுகிறது என்று தெரியாமல் அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்குப் பழக்கமில்லை. கான்வென்ட்டில் எங்கள் தையல் சிஸ்டர் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"வயசான கார்மா, சத்தம் போடத்தான் செய்யும்" என்றாய் நீ. எனக்கும்தான் வயதாகிவிட்டது, நான் என்ன வேகத்தடைக்கு வேகத்தடை டொக் என்கிறேனா? மெக்கானிக்கும் முதலில் உன் கட்சிதான். "ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் தட்டும்மா" என்றார். "தட்டட்டும். ஏறும்போது ஏன் தட்டல? இறங்கின பிறகு ஒரே ஒரு தடவை மட்டும் ஏன்?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினார், டொக். நட்டுகளை முறுக்கினார், டொக். "அந்த நேரத்துல சக்கரம் என்ன பண்ணும்?" என்றேன். "கீழ தொங்கும்மா." "அப்ப தொங்கவிட்டே பாத்துடலாமே!" ஜாக்கி வைத்துத் தூக்கினார். "அந்த ஸ்பிரிங்கைத் தொடலாமா?" "தாராளமா தொடுங்க, அது எங்க அசையப்போகுது." தொட்டேன். மெலிந்த கையில் வளையல் சுற்றுவது போலச் சுற்றியது! "இது எப்படிம்மா சுத்துது?" என்று என்னையே கேட்கிறார் அந்த மனுஷன்.

எப்படி என்றால், உன்னால்தான். கார் தாழ்வாக நின்றால் அழகு என்று அப்பாவை நச்சரித்து ஸ்பிரிங்கைக் குட்டையாக மாற்றினாயே, அது துள்ளாமல் பிடித்துக்கொள்கிற ஷாக் அப்சார்பரை மாற்றினாயா? அது பழைய நீளத்திலேயே இருந்தது. சக்கரம் தொங்கினால் ஷாக் முழுக்க நீள்கிறது, குட்டை ஸ்பிரிங்குக்கு எட்டவில்லை, இருப்பிடத்தை விட்டு விலகி நிற்கிறது, சக்கரம் மேலே வந்ததும் அடித்து உட்காருகிறது. தங்கையின் சட்டையை அக்காவுக்குப் போட்டுவிட்டு, அவள் கையைத் தூக்கினால் இடுப்பு தெரிகிறதே என்று ஆச்சரியப்படுகிற கதைதான்.

அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற, நீட்டம் குறைந்த ஷாக்குகளை வரவழைத்தோம். மாட்டியது அவர், கேள்வி கேட்டது நான். தொங்கவிட்டுப் பார்த்தோம், ஸ்பிரிங் அசையவில்லை. சரி என்று கீழே இறக்கினால், கார் மதிலை எட்டிப் பார்ப்பது போல நுனிக்காலில் நிற்கிறது! "ஓட ஓட உக்காந்துரும்மா." "யாரும் சொல்லாம அதுவா எப்படி உட்காரும்?" அவர் மறுபடி அடியில் எட்டிப் பார்த்தார். பிறகு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். சக்கரம் தொங்கும்போதே எல்லா நட்டையும் முறுக்கிவிட்டாராம். இணைப்பு ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, காரைக் கீழே வரவிடாமல் மேலே தள்ளுகிறது. "தளர்த்திட்டு, தரையில நிறுத்தி, ஆள் உட்கார்ந்திருக்கும்போது முறுக்கணும்மா. ஆளுக்கு எங்க போறது?" அந்த நேரம் பார்த்துப் பல் டாக்டர் கேட்டைத் திறந்தார். பிடித்து உட்கார வைத்துவிட்டோம். மற்றவர்களை நாற்காலியில் சாய்த்தே பழகிய மனிதர். "ஆடாதீங்க டாக்டர், இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்று அடியிலிருந்து மெக்கானிக் சொல்லச் சொல்ல, கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். கார் அடக்கமாக உட்கார்ந்தது.

இறங்கியதும், "ஆன்ட்டி, இதுக்கு ஏன் இவ்வளவு சிரமம்? நான் இத ஓட்டவே போறதில்ல. கிளினிக் முன்னால கண்ணாடி ரூம் கட்டி நிறுத்தப் போறேன். காத்திருக்கறவங்க பாத்துட்டு இருக்கட்டும்" என்றார். அது அவர் விருப்பம். நாம் விற்ற பொருளில் நாம் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆகவே கார் தயார். நீயே வந்து சாவியைக் கொடுத்துவிடு.

மருமகளுக்கு என் அன்பு. பேத்தியை நோட்டில் கோட்டுக்கு மேல் எழுதச் சொல். கடவுள் உங்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்கக் காரை எடுத்துக்கொண்டு வந்தேன். என் லைசென்ஸ் நடப்பில்தான் இருக்கிறது. நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தபால்பெட்டி நம் தெருவிலேயே இருந்தாலும், வேகத்தடை உள்ள தெருவாகத் தேடி ஊரின் அந்தப் பக்கம் வரை வந்துவிட்டேன். ஒரு சத்தம் இல்லை. ஆனால் மூன்றாவது கியரில் மட்டும் மெல்லிசாக ஒரு கீச்சு கேட்கிறது. நாலாவதில் இல்லை. ஏன்? அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச காலம் வேண்டும். கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்க்க இது பல்செட் அல்ல, விற்பனை கிடையாது. டாக்டரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. சொல்லிவிட்டாய் என்று எனக்கு எழுத்தில் பதில் போடு.