சேற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவன்

எங்கள் ஊரில் கன்று நட்டவன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல் வீடு திரும்ப மாட்டான். மழையில் நட்டாலும் ஊற்றுவான். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கை தானாகக் குடத்தைத் தேடும். என் கையும் தேடியது. தேடிய இடம்தான் தப்பு.

நான் சிங்கவரத்துக்காரன். மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடுகிற மேட்டு நிலம். மண்வெட்டி போட்டால் நெருப்புப் பொறி வரும், தண்ணீர் வராது.

மனைவி வசந்தா பனமலைக்காரி. அவள் பங்குக்கு வந்த நிலம் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. வருஷம் முழுக்கக் கசிவு. நெல் அழுகும். மாடு இறங்கினால் ஏறாது. அவள் அண்ணன் ஏகாம்பரம் அங்கே மீன் குட்டை வெட்டப் பார்த்தார். குட்டை வெட்டினால் பங்கு போன மாதிரிதான் என்று வசந்தா நினைத்தாள். தைலமரம் வைக்கிறோம், அது தண்ணீரை உறிஞ்சிவிடும் என்றாள்.

"வை. தை மாசம் வந்து பாக்குறேன். கன்னு நின்னுச்சின்னா வாயத் தொறக்க மாட்டேன். நிக்கலன்னா ஜேசிபி வந்துரும்" என்றார் ஏகாம்பரம்.

கன்று வாங்க நான் போனேன். நாற்றங்காலில் ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன். விஷயம் தெரிந்தவன் மாதிரி தலையையும் ஆட்டினேன். கன்று விற்கிற அம்மா பார்த்தது.

"மோந்து பாத்து வாங்க இது இன்னா கறிவேப்பிலையா? எல்லாத் தைலமரமும் அப்டித்தான் நாறும். தாய்மரத்து மொக்கப் பாரு. தொப்பி கொம்பாட்டம் நீளமா இருந்தா மேட்டு ரகம். குட்டையா மூக்காட்டம் இருந்தா ஆத்தோர ரகம், அதுதான் ஈரத்துல நிக்கும்."

குட்டை மூக்கைப் பார்த்தே வாங்கினேன். ரகம் சரி. அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. (அதில் மட்டும்.)

புரட்டாசியில் நட்டேன். எங்கள் மேட்டு நிலத்தில் வெட்டுவது போலவே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. நல்ல சகுனம் என்று நினைத்தேன். போர்வெல் போட்டும் புழுதி பார்க்கிற ஊர்க்காரன் வேறு என்ன நினைப்பான்? கடைசியில் கை வலித்தது. மிச்சமிருந்த ரெண்டு கன்றை, வெட்டிப் போட்ட மண் குவியல் மேலேயே செருகிவிட்டேன். சோம்பேறித்தனம்தான்.

பிறகு குடத்தை எடுத்தேன். மதகுக் கால்வாயில் மொண்டு தோளில் வைத்துச் சேற்றில் இறங்கினேன். கரையில் ஏகாம்பரமும் அவர் சம்சாரமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாங்க, தண்ணிக்குள்ள எங்க தண்ணி எடுத்துனு போறாரு?" என்றது அந்த அம்மா.

"பேசாத. மாப்ள ஊத்தட்டும்."

நடுவில் தொடை வரை புதைந்தேன். ஒரு செருப்பு உள்ளே போனது. இன்றுவரை வெளியே வரவில்லை. குடத்தை மட்டும் சாய விடவில்லை. ஒவ்வொரு குழிக்கும் ஊற்றினேன். குவியல் மேல் இருந்த ரெண்டுக்கு மட்டும் தெம்பில்லை, விட்டுவிட்டேன். கடைசியில் ஏகாம்பரம் கயிறு போட்டு என்னை இழுத்தார். சிரிக்காமல் இழுத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"மாப்ள, உங்க தோப்பு மெதக்குது. வாத்துங்க ஓட்டிக்கினு போவுதுங்க."

போய்ப் பார்த்தேன். மிதந்தது. மிதக்காமல் குழியில் நின்றது ஐப்பசிக்குள் அழுகியது. வசந்தா சாப்பாடு மட்டும் போட்டாள்.

தை பிறந்ததும் ஏகாம்பரம் ஜேசிபிக்காரனோடு வந்தார். நான் தலை குனிந்து நின்றேன். வசந்தா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள்.

"ண்ணா, இங்க வா. இது இன்னா?"

குவியல் மேல் அந்த ரெண்டு கன்றும் இடுப்பு உயரத்துக்கு நின்றன.

"ரெண்டு கன்னு ஒரு தோப்பாம்மா?"

"கன்னு நின்னா போதும்னுதான சொன்ன? எத்தினின்னு சொன்னியா?"

ஏகாம்பரம் ஜேசிபிக்காரனைக் கை காட்டிக் கூப்பிட்டார். "சரி, வந்த வண்டி சும்மா போவ வாணாம்" என்றார்.

அதே ஜேசிபியை வைத்து வரிசை வரிசையாக மண் மேடு போட்டாள் வசந்தா. மேட்டின் மேல் கன்று வைத்தாள். நடுகிற அன்றைக்கு என்னைக் கரையிலேயே உட்கார வைத்தாள். இப்போது மரங்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம். நிலத்தில் செருப்போடு நடக்கலாம்.

மாமனார் வீட்டு விசேஷத்தில் எனக்கு யாரும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதில்லை. சொம்பை அப்படியே முன்னால் வைப்பார்கள். "மாப்ள ஊத்திக்குவாரு."

போன வாரம் நல்ல மழை. ஏரி நிரம்பிவிட்டதாம். ஏகாம்பரம் போன் செய்தார்.

"மாப்ள, மழ கொட்டுது. தண்ணி ஊத்த வரலியா?"

"வரேன்" என்றேன்.

வசந்தா குடத்தை எடுத்து உள்ளே வைத்தாள்.