வேட்டியைக் கிழிக்காமல் சினிமா காட்டுவது எப்படி

செமிலிங் பக்கத்துத் தோட்டம்,
தை மாதம். வருஷம் நமக்கு 1943, ஜப்பான் துரைகளுக்கு 2603.

சுங்கைப் பட்டாணிக் கொட்டகையில் படமிஷின் ஓட்டிய மச்சான் அழகேசன் அவர்களுக்கு, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி குழந்தைவேலு வணங்கி எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை மருதம்மாளும் மரவள்ளிக்கிழங்கும் நலம். அவ்விடம் அரிசி நலமா? இந்தக் கடிதத்தை வழியில் வேறு யாராவது பிரித்துப் படித்தால் அவர்களுக்கும் என் வணக்கம்.

மச்சான், சினிமாப் படம் நெட்டையாக இருக்க வேண்டுமா, அகலமாக இருக்க வேண்டுமா? என் மகள் பிரேமாவதியின் கல்யாணமே இதில்தான் தொங்குகிறது. மாப்பிள்ளைக்கென்று சண்டைக்கு முன்பே வாங்கி வைத்த எட்டு முழ வேட்டி என் பெட்டியில் இருந்தது. சாக்குத் துணி கட்டிக்கொண்டு தாலி கட்டமாட்டோம், வேட்டி இல்லையென்றால் கல்யாணமும் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில், தோட்டத்து ஜனங்களுக்குப் படம் காட்டத் திரை வேண்டும், வெள்ளைத் துணி கொண்டுவா என்று ஜப்பான் துரையின் உத்தரவு. இந்த வட்டாரத்தில் வெள்ளையாக இருப்பது என் வேட்டி ஒன்றுதான். துரை பேசுவதை நமக்குச் சொல்லும் துபாஷி கென்னத் கத்தரிக்கோலுடன் வந்துவிட்டார். போன வருஷம் என்னிடம் ரப்பர் பால் எடைபோடக் கொண்டுவந்தபோது அவன், இப்போது அவர்.

"கிராணி, நடுவுல வெட்டி, ஒண்ணுக்கு மேல ஒண்ணு வெச்சுத் தைச்சா சரியான அளவுலா. படம் கிட்டத்தட்ட சதுரம்."

"ஐயோ, வெட்டாதீங்க! நல்ல சினிமான்னா அகலமாத்தான் இருக்கணும்!"

"ஏன்?"

ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாய் தானாக ஓடியது. ஆண்டவன் இரண்டு கண்ணையும் பக்கத்துப் பக்கத்தில்தான் வைத்தான், ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கவில்லை, கப்பல் நீளம், கடலுக்கு ஏது உயரம், பட்டாளம் வரிசையாக நடக்கிறதே தவிர ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் போவதில்லை என்றேன். கென்னத் யோசித்தார். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து உங்கள் தங்கை, "மனுசன் நெட்டுக்குத்தான நிக்கிறான்? படுத்துக் கெடக்கறவங்களையா படம் புடிக்கிறாங்க?" என்றாள்.

கடைசியில், வெட்டாமல் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று, பொழுது சாய்ந்ததும் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துச் சுவரில் வேட்டியை நீளவாக்கில் கட்டினார்கள். மிஷினைக் கிட்டே கொண்டுவந்தால் படம் சுருங்கி நடுவில் நின்றது, இரண்டு பக்கமும் வெறும் வேட்டி. தூரத் தள்ளினால் வேட்டி நிறைந்தது, ஆனால் மேலும் கீழும் வழிந்தது. தள்ளியே வைத்தார்கள். முதலில் ஒரு கப்பல், மூக்கிலிருந்து வால்வரை. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். துரையே "பகுஸ்" என்று மலாய் பாஷையில் மெச்சினார். அடுத்து ஒரு பெரிய அதிகாரி பேச வந்தார். வேட்டியில் கழுத்திலிருந்து இடுப்புவரைதான். தலை கரிபிடித்த சுவருக்குள் போய்விட்டது. சட்டைப் பொத்தான்கள் மட்டும் பேசின.

"தலை எங்கலா?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"ரேசன்ல புடிச்சுக்கிட்டாங்க போல!" என்று இன்னொன்று.

காலம் இருக்கிற இருப்பில் தலையைப் பற்றியா சிரிப்பது! துரை திரும்பிப் பார்த்தார். என் தலை இருக்கிறதா என்று நான் தடவிப் பார்த்துக்கொண்டேன். கென்னத் அவர் காதில் ஏதோ சொன்னார். துரை வெகுநேரம் தலையாட்டினார். அது நல்ல ஆட்டமா கெட்ட ஆட்டமா, தெரியவில்லை. அகலம்தான் சரி என்று விஷயம் தெரிந்த யாராவது எழுதிக் கொடுத்தால் வெட்டமாட்டார்களாம். உங்கள் பேரைச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். காரணத்தோடு எழுதுங்கள். அந்தக் காரணம் எனக்கும் தெரிய வேண்டும்.

மச்சானுக்கு உப்பும் மண்ணெண்ணெயும் தட்டாமல் கிடைக்க ஆண்டவன் அருள்க.

இப்படிக்கு,
குழந்தைவேலு

பி.கு.: மடிக்கும்போது கென்னத் வந்தார். துரைக்கு அகலம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். "வெட்டவே கூடாதுன்னுட்டாருலா, கிராணி! குருண், கோலா கெத்தில், எல்லாத் தோட்டத்துக்கும் இதேதான் போகுது!" என்று கையைக் குலுக்கினார். வேட்டி லாரியில் ஏறிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டு, அகலம் மகா தப்பு, கண்ணுக்குக் கெடுதல், சினிமாவுக்குப் பாதி வேட்டியே தாராளம் என்று உடனே எழுதவும். மீதி நாலு முழம் வந்தால் போதும். மாப்பிள்ளை ஒல்லிதான்.