சம்மாட்டியார் தேடிய இரண்டு தோள்கள்

இதை எழுதுவதா, விடுவதா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு பயம். ஒன்று, இதில் ஒரு புனிதர் வருகிறார். அவரை வைத்துச் சிரித்த பாவம் எனக்கு வேண்டாம். மற்றது, இதில் என் கணவரின் உயரம் வருகிறது. ஆண்டவர் மன்னித்துவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. கணவர் விஷயத்தில்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

கொழும்பு மாநகரத்தில் லிப்டை வள்ளமாக ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் சம்மாட்டியார்தான். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடி. எதிர்வீட்டு டெய்சி அக்காவின் தகப்பனார் அவர், கண் ஒப்பரேஷனுக்காக வடக்குக் கடலிலுள்ள ஒரு தீவிலிருந்து வந்திருந்தார். இலங்கைப் படத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மறைந்துபோகிற அளவுத் தீவு. சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்து ஆட்களைக் கடலுக்கு அனுப்புகிறவரை அங்கே சம்மாட்டி என்பார்கள். இவரிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு வள்ளமும் ஒட்டுப்போட்ட வலையும்தான். ஆனாலும் பட்டம் போகவில்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

தீவில் வள்ளம் நிறையாமல் கரையை விட்டு வெளிக்கிடாதாம். அந்தச் சட்டத்தை அவர் எங்கள் லிப்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் உள்ளே நிற்பார்கள். இவர் கதவுக்கு நடுவில் ஒரு காலை வைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்துக் கூப்பிடுவார்.

"கீழ போற ஆக்கள் வாங்கோ. இன்னும் ரெண்டு பேருக்கு இடமிருக்கு."

"ஐயா, எனக்கு பஸ் போகுது."

"பஸ் போனா அடுத்த பஸ் வரும் தம்பி. வெறும் வள்ளம் போனா எண்ணெய்தானே நட்டம்."

ஆள் சேர்ந்ததும் பாரம் பார்ப்பார். மூன்றாம் மாடி பாங்க் மேனேஜர் நல்ல உடம்புக்காரர். அவரை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மெலிந்தவர்களை வைத்துவிட்டு, "ஆடாதேங்கோ" என்று சொல்லிப் பொத்தானை அமத்துவார். மேனேஜர் இரண்டு கிழமை இதைப் பொறுத்தார். பிறகு படியால் இறங்கப் பழகிக்கொண்டார். அவருக்கு இரத்தத்தில் சீனி குறைந்தது அதற்குப் பிறகுதான் என்று அவர் மனைவி சொன்னாள்.

கண் ஒப்பரேஷன் முடிந்து, ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வந்தவர் புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கினார். லிப்டில் ஏறுகிற ஆண்களுக்குப் பின்னால் போய் நின்று, தோளில் கையை வைப்பார். வைத்த கையைத் தன் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து பார்ப்பார். "ச்சு" என்பார். அடுத்த ஆள். சிலர் ஆசீர்வாதம் என்று குனிந்தார்கள். குனிந்தவர்களை நிமிர்த்திவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். நாலாம் மாடிப் பெடியன் ஒருவன், இவர் சவப்பெட்டிக் கடைக்கு ஆள் அளக்கிறார் என்று கதை பரப்பிவிட்டான். அதற்குப் பிறகு லிப்ட் நிறைவதே நின்றுபோனது.

நான்தான் ஒருநாள் கேட்டேன். "ஐயா, என்னத்தை அளக்கிறியள்?"

"தோள் பிள்ளை. ரெண்டு தோள் வேணும். எங்கட பெரியவரைத் தூக்க."

பெரியவர் என்றால் தீவுக் கோயிலிலுள்ள புனிதரின் சுரூபம். சம்மாட்டியார் அவரை வீட்டில் கூட இருக்கிற ஒரு வயதானவரைப் போலத்தான் சொல்வார். பெரியவருக்கு வெக்கை, பெரியவர் நித்திரை, பெரியவருக்கு இந்த முறை நெத்தலி பிடிக்கவில்லை என்றெல்லாம். பெருநாள் அன்று அவரைத் தடிகள் பூட்டிய கூட்டில் வைத்து ஆறு பேர் தோளில் தூக்கி, வீடு வீடாகச் சுற்றிவர வேண்டும். தீவில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு குடும்பம். இளம் ஆண்கள் கனடாவிலும் கட்டாரிலும். தூக்கக்கூடிய தோளுள்ளவர்கள் நாலு பேர்தான் மிச்சம்.

"எதிர்க்கரையில ஆள் எடுக்கலாமே ஐயா?"

"போன வருசம் எடுத்தது. வந்தவங்களில ஒருத்தன் பனை உயரம், ஒருத்தன் வடலிக் கட்டை. பெரியவர் சரிஞ்சு கடலைப் பாத்துக்கொண்டே போனார். வருசம் முழுக்க மீனில்லாம வலை காய்ஞ்சுதான் கிடந்தது." பிறகு குரலைக் குறைத்தார். "இந்த வருசம் அவர் நேரா சுத்திவராட்டி, அவரை வள்ளத்தில ஏத்திக் கரையிலுள்ள பெரிய கோயிலில வைச்சிட்டு எல்லாரும் வெளிக்கிடுறதெண்டு கூட்டத்தில கதைச்சுப்போட்டினம். அவர் போனா பிறகு அங்க ஆர் இருப்பினம் பிள்ளை?"

அன்றைய செபமாலையில் பத்து மணிகளை இரண்டு தோள்களுக்காகவே ஒப்புக்கொடுத்தேன்.

முதல் தோள் சுலபமாகக் கிடைத்தது. எங்கள் கட்டட செக்கியூரிட்டி சுனில், நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை, எங்களைப் போலவே வேதக்காரன். சம்மாட்டியார் தோளில் கை வைத்ததுமே, "எங்க ஊர்லயும் தூக்குவோம் அங்கிள், நான் வாறன்" என்றான்.

இரண்டாவது தோள் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் கணவர் புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் வேலை. அவரை அளந்த அன்று சம்மாட்டியார் இரண்டு தடவை அளந்து, கண்மூடியைத் தூக்கிவிட்டு மூன்றாம் தடவையும் அளந்தார். "அச்சொட்டு. எங்கட நாலு பேரின்ர உயரம்" என்றார். அன்றிலிருந்து கணவர் லிப்டுக்குப் போகுமுன் கதவு ஓட்டையால் பார்க்கத் தொடங்கினார்.

சம்மாட்டியார் விடவில்லை. தீவின் எதிர்காலத்தை எங்கள் வரவேற்பறையில் வந்திருந்து விற்றார்.

"தம்பி, அங்க ட்ரபிக் இல்ல."

"ரோட்டு இருக்கோ?"

"ரோட்டு இல்லாததாலதான் ட்ரபிக் இல்ல."

"குடிக்கத் தண்ணி?"

"வள்ளத்தில வரும்."

"கரண்ட்?"

"வெயிலில வரும்."

"டொக்டர்?"

"அவர் வரமாட்டார். அதால எங்களுக்கு இன்ன வருத்தம், இன்ன நோயெண்டு சொல்ல ஆளில்ல. நிம்மதியா இருக்கிறம். இன்னும் பத்து வருசத்தில பாருங்கோ, வெள்ளைக்காரன் வந்து கால் நீட்டிப் படுக்கிற இடமாகும். இப்ப வந்தா உங்களுக்கு முன்வரிசை."

கணவர் காலிமுகத்திடலில் நின்று கடலைப் பார்த்தாலே தலைசுற்றுகிற மனிதர். முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு இறங்கும்போது லிப்ட் நடுவில் நின்றுபோனது. உள்ளே சம்மாட்டியார், கணவர், நான். கரண்ட் இல்லை. கணவர் கதவைத் தட்டத் தொடங்கினார். சம்மாட்டியாருக்கோ சொந்தக் கடலுக்கு வந்த சந்தோஷம்.

"வள்ளம் தரை தட்டிப்போச்சு. பயப்படாதேங்கோ. நேர்த்தி ஒண்டு வையுங்கோ தம்பி."

"என்ன நேர்த்தி?"

"அது உங்கட விருப்பம். தோள் சம்பந்தமா ஏதாவது."

கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "தூக்கிறன். ஆரையெண்டாலும் தூக்கிறன்" என்றார். அந்த நிமிடமே ஜெனரேட்டர் வேலைசெய்து லிப்ட் இறங்கியது. தற்செயல் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

வைத்த நேர்த்தியை வீட்டில் யாரும் முறிக்க நான் விட்டதில்லை. பஸ்ஸில் போய், பிறகு வள்ளத்தில் போனோம். வள்ளம் நிறையும்வரை கரையில் காத்திருந்ததைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கணவர் வழிநெடுக வாந்தி. சுனில் அவர் முதுகைத் தடவிவிட்டான். சம்மாட்டியார் மட்டும், "மீனுக்குச் சாப்பாடு போடுறார், நல்ல சகுனம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

தீவில் ஆறு பேரும் கூட்டுக்குக் கீழே தோள் கொடுத்தார்கள். பெரியவர் எழும்பினார். எழும்பியதும் மெதுவாக என் கணவரின் பக்கம் சரிந்தார்.

கோயில் வாசலில் பாட்டு நின்றது. ஒரு பெண், "அவரும் வெளிக்கிடப்போறார் போல" என்று முணுமுணுத்தாள். யாரும் அவளை அதட்டவில்லை.

நான் கணவரின் காலைப் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. பெரியவரைச் செருப்போடு தூக்கக் கூடாது, எல்லோரும் வெறுங்கால். கொட்டாஞ்சேனையில் சம்மாட்டியார் அளந்ததோ, தடித்த அடியுள்ள செருப்போடு நின்ற மனிதரை. சம்மாட்டியாரோ பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு திரிகிறவர், ஆணி குத்தாமலிருக்க மகள் வாங்கிக் கொடுத்த செருப்பையும் கையில் கொண்டு திரிந்தவர், மற்றவர்களின் காலுக்குக் கீழே ஏதாவது இருக்கும் என்று நினைக்கவே இல்லை. சுனிலுடையது மெல்லிய ரப்பர் செருப்பு, அவன் தப்பிவிட்டான். என் கணவர்தான் ஒரு விரல் கட்டையாகிப் போனார்.

சம்மாட்டியாரும் அந்தக் காலைப் பார்த்தார். தன் நெஞ்சுக்கு நேரே கையை ஒருதரம் வைத்துப் பார்த்தார். முகம் இருண்டது. பிறகு தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து நாலாக மடித்து, கூட்டுத் தடிக்கும் கணவரின் தோளுக்கும் இடையில் செருகினார். பெரியவர் நிமிர்ந்தார்.

துவாய் வழுக்கும். அதனால் அந்த மனிதர், ஒப்பரேஷன் செய்த கண்ணுக்கு வெயில் ஆகாது என்று டொக்டர் சொல்லியிருந்தும், கடைசி வீடுவரை பக்கத்திலேயே நடந்து அந்தத் துவாயைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். வாய் மட்டும் ஓயவில்லை. "சுனில், கொஞ்சம் பின்னால. தம்பி, ஆடாதேங்கோ. பாரம் சரி, பாரம் சரி." ஒவ்வொரு வாசலிலும் சனம் முழந்தாளில் நின்றது. சுற்றி முடிந்து கஞ்சி குடிக்கும்போது, பெரியவரை வள்ளத்தில் ஏற்றுகிற கதையை யாரும் எடுக்கவில்லை. முணுமுணுத்த பெண்தான் கணவருக்கு இரண்டாம் கோப்பை ஊற்றினாள்.

தீவு இன்றும் இருக்கிறது. வெள்ளைக்காரன் இன்னும் வரவில்லை. பெருநாள் கிட்டும்போது சம்மாட்டியார் போன் எடுப்பார். என் சுகம் விசாரிப்பதில்லை, "தோள் எப்பிடி?" என்றுதான் கேட்பார். கணவர் சலித்துக்கொண்டே பையைக் கட்டுவார்.

வாசித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். முக்கியமாக, இரக்கப்பட்டு என் கணவரின் உயரத்தைக் கூட்டிவிடாதீர்கள். அவரே இப்போது சம்மதித்துவிட்டார். அந்த ஒரு விரல் இடைவெளியில்தான் சம்மாட்டியாரின் கை இருந்தது.